வாளும் வரிப்பொத்தகமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு நாடு தன் எல்லையை எவ்வாறு விரிக்கின்றது? விரித்த எல்லையை எதனாற் காக்கின்றது? காத்ததைப் பின்னர் ஏன் இழக்கின்றது? இம்மூன்று வினாக்களே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசினால் இப்பொருள் காற்றிற் பறந்துவிடும். ஆதலின், நம் எல்லோர்க்கும் அறிமுகமான ஓர் அரசை எடுத்து ஆராய்வோம். சோழப் பேரரசே அது. அதன் எழுச்சியில் நம் நாடும் அகப்பட்டது. அதன் சுவடுகள் மாதோட்டத்திலும், திருகோணமலையிலும், பொலன்னறுவையிலும் இன்றும் கல்லாய் நிற்கின்றன. எனவே இது நமக்குப் பிறர் வீட்டுக் கதையன்று.

சோழர் என்றவுடன் நம் வாலிபர் உள்ளம் பூரிக்கின்றது. கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்ற பெயர்களைக் கேட்கும்போது தோள்கள் தாமே நிமிர்கின்றன. பூரிப்பு இயல்பே. எனினும், கொண்டதைச் சொல்லும் நாம், கொண்டது எத்தனை காலம் கையில் நின்றது என்று கேட்பதில்லை. அதனைக் கேட்டாலன்றி வரலாறு நமக்குப் பாடமாகாது. வெறும் பாட்டாகவே நின்றுவிடும்.

முதலிற் சோழர் தோற்ற கதையைக் கேளுங்கள். 850ஆம் ஆண்டளவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் மகன் முதலாம் ஆதித்தன் பல்லவனை வென்று தொண்டைமண்டலத்தைச் சேர்த்துக்கொண்டான். பேரன் முதலாம் பராந்தகன் மதுரையை வென்று, ஈழத்தின்மீதும் படையேவினான். மூன்று தலைமுறைக்குள் ஒரு சிற்றரசு பேரரசு போலத் தோன்றியது. ஆனால் 949ஆம் ஆண்டிலே தக்கோலம் என்ற களத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படை சோழப் படையை முறியடித்தது. பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மடிந்தான். அந்த ஒருநாட் போரோடு தொண்டைமண்டலம் கைவிட்டுப் போயிற்று, பாண்டிநாடும் தலைதூக்கியது. நூறாண்டு முயற்சி ஏன் ஒரு போரிற் சரிந்தது? வாள் கொண்டுவந்ததைக் கட்டிவைக்கும் கயிறு அப்போது இல்லை. வென்ற நாடுகளிற் பழைய தலைவர்களே பழைய நிலையில் இருந்தனர். வலியவன் வந்தபோது அவனுக்குத் திறை செலுத்தினர்.

985ஆம் ஆண்டில் முடிசூடிய முதலாம் இராசராசன் இக்குறையை உணர்ந்தவன் என்பதை அவன் செயல்கள் காட்டுகின்றன. அவன் வாளை எடுத்தான். கூடவே அளவுகோலையும் எடுத்தான். 1001ஆம் ஆண்டளவிற் சோழநாட்டு நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. வேலியின் மிக நுண்ணிய பின்னம் வரை கணக்கெடுத்தார்கள். அவ்வேலையை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டம் வழங்கிற்று. விளைநிலம் எது, ஊர்நத்தம் எது, குளமும் வாய்க்காலும் சுடுகாடும் எவை என்று பிரித்து, வரி கொள்ளத்தக்க நிலத்துக்கு மட்டும் வரி விதித்தார்கள். நாடுகளை இணைத்து வளநாடுகள் என்னும் பெரும் பிரிவுகளை வகுத்து, அவற்றுக்கு மன்னனின் பட்டப்பெயர்களை இட்டார்கள். ‘புரவுவரித் திணைக்களம்’ என்ற வரி நிருவாகப் பகுதியும், அதன்கண் ‘வரிப்பொத்தகம்’ எனப்பட்ட கணக்கரும் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றனர். திணைக்களம் என்ற சொல்லை நாம் இன்றும் அரசாங்கக் கந்தோர்களின் பெயர்ப்பலகையிலே பார்க்கிறோம் அல்லவா? அச்சொல்லின் வயது ஆயிரத்தை அடுத்தது.

இதிற் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மேலிருந்து வந்த இந்த அதிகாரம், கீழே இருந்த ஊராட்சியை அழிக்கவில்லை. வேளாண் மக்களின் ஊரும், பிராமணர் ஊர்களின் சபையும், வணிகரின் நகரமும் தத்தம் வேலையைத் தாமே செய்தன. உத்தரமேரூர்ச் சபை 919, 921ஆம் ஆண்டுகளிற் குடவோலை முறையை விதித்துக் கல்லில் வெட்டிய செய்தி நீங்கள் அறிந்ததே. அச்சபைகளையே அரசு தன் கைகளாக்கிக்கொண்டது. வரியைத் திரட்டியவர்களும், குளத்தை வெட்டியவர்களும் ஊரவரே. அரசன் பெற்றது கணக்கும் பங்கும்.

போரிற் கொண்ட பொருள் எங்கே போயிற்று என்பதையும் பாருங்கள். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள், சேரரையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து அளித்த பொருள்களைக் குறிக்கின்றன. கோயிற் பணம் ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12½ வீத வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வட்டியினாற் கோயிலின் விளக்கும் அமுதும் நடந்தன. கோயிலுக்கு வேண்டிய காவலாளரையும் கணக்கரையும் ஊர்கள் அனுப்பின. அதே கோயிலிற் பல படைப்பிரிவுகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. போர்க்களத்துப் பொன் கோயிலுக்கும், கோயிற் பொன் வயலுக்கும், வயலின் நெல் படைக்குமாகச் சுழன்றது இச்சக்கரம். காவிரிக் கரையில் அது நன்றாகவே சுழன்றது. ஆனால் அது சுழல்வதற்குப் புதிய பொன் வேண்டியிருந்தது. ஆகவே ஒரு போர் அடுத்த போரை அழைத்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சோழர் ஈழத்தின்மீது வந்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பராந்தகனுக்குத் தோற்ற பாண்டிய மன்னன் தன் குலத்து முடியை இலங்கை மன்னனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். பராந்தகன் அதைக் கேட்டான், கிடைக்கவில்லை, படையெடுத்தும் கிடைக்கவில்லை. பாண்டியரும் சேரரும் ஈழத்தவரும் ஒருவர்க்கொருவர் துணை நின்றவரை, மதுரையை ஆளும் சோழனுக்கு உறக்கம் இல்லை. ஓர் எல்லையைக் காக்க அதற்கு அப்பாலுள்ள எல்லையையும் கொள்ளவேண்டும் என்ற எண்ணம் எல்லாப் பேரரசுகளையும் பிடித்த நோய்.

ஆனால் காரணம் இருந்தால் மட்டும் நாடு விழாது. 982ஆம் ஆண்டில் அநுராதபுரத்தில் முடிசூடிய ஐந்தாம் மகிந்தனின் நிலையைச் சூளவம்சம் சொல்கிறது. குடிகள் வரி கொடாது விட்டனர். வரியின்றிக் கூலிப்படைக்குச் சம்பளம் இல்லை. கேரளரும் கன்னடருமாகிய அப்படையினர் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டனர். மன்னன் சுரங்கவழியே தப்பி உரோகணத்துக்கு ஓடினான். இந்தச் செய்தியைச் சோழ மன்னனுக்கு எடுத்துச் சொன்னவன் ஒரு குதிரை வணிகன் என்று அந்நூல் கூறுகிறது! 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை வந்திறங்கியது. வரிப்பொத்தகம் மூடிக்கிடந்த நாட்டுக்குள், வரிப்பொத்தகம் திறந்திருந்த நாட்டின் வாள் நுழைந்தது. வென்றவனின் வீரத்தை நாம் பேசுகிறோம்; தோற்ற ஆட்சியின் உட்குலைவும் அவ்வெற்றிக்குப் பாதிக் காரணம் என்பதை மறக்கலாகாது.

1017ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரனின் படை மகிந்தனைச் சிறைப்பிடித்தது. ஈழத்தரசரின் முடியும், பாண்டியன் வைத்த முடியும் சோழர் கைக்கு வந்தன. மகிந்தன் சோழநாட்டிலேயே 1029ஆம் ஆண்டில் மாண்டான். அக்காலத்தில் விகாரங்கள் கொள்ளையிடப்பட்டன என்றும், தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டன என்றும், பொற்பிரதிமைகள் பறிக்கப்பட்டன என்றும் சூளவம்சம் வருந்துகிறது. அது எதிரி எழுதியது என்று நாம் தள்ளிவிடலாமா? சோழர் மெய்க்கீர்த்திகளே தாம் கொண்ட பொருளைப் பெருமையோடு அடுக்குகின்றன. நம் கோயிலைப் பிறர் இடித்தபோது நெஞ்சு நோகும் நாம், பிறர் கோயில் கொள்ளைபோனபோதும் நோகவேண்டும். சமயப்பற்று என்பது அதுவே.

வென்ற பின் சோழர் இங்கே ஆளவும் முயன்றனர். நாட்டுக்கு ‘மும்முடிச்சோழமண்டலம்’ என்று பெயர் வைத்தனர். பொலன்னறுவை ‘சனநாதமங்கலம்’ ஆயிற்று. திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டம் ‘இராசராசபுரம்’ ஆயிற்று. அங்கே தாழி குமரன் என்ற சோழநாட்டு அதிகாரி இராசராச ஈசுவரத்தை எடுப்பித்தான். பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் குலையாமல் நிற்கிறது. திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரைக்கு ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்ற பெயரும், தமிழர் அளித்த தானங்களும் கிடைத்தன. கொள்ளையிட்ட ஆட்சியே பௌத்த பள்ளியையும் போற்றியது. வரலாறு இவ்வாறுதான், ஒரே நிறத்தில் அது இருப்பதில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு விட்டான். நெல்லும் காசும் இலுப்பையெண்ணெயும் கடல் கடந்து போகவேண்டும் என்பது ஏற்பாடு. காவிரிக் கரையில் வயலிலிருந்து போனது மீண்டும் வயலுக்கு வந்தது. இங்கிருந்து போனதோ திரும்பி வரவில்லை. ஆளப்பட்டவருக்கு அவ்வாட்சியில் என்ன பங்கு? தெற்கே உரோகணம் ஒருநாளும் முழுதாக அடங்கவில்லை. மகிந்தனின் மகனை மக்கள் மறைத்து வளர்த்தனர். மகாவலியின் துறைகளைக் காப்பதற்கு வாய்ப்பான பொலன்னறுவையைச் சோழர் தலைநகராக்கியதே, அவர்களுடைய அச்சம் எத்திசையில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. 1070ஆம் ஆண்டில், வீரராசேந்திரன் இறந்து சோழநாட்டில் அரசுரிமைக் குழப்பம் எழுந்த வேளையில், உரோகணத்திலிருந்து வந்த விசயபாகு பொலன்னறுவையை மீட்டான். புதிதாக அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் ஈழத்தைத் திரும்பப் பெறவில்லை. ஏறத்தாழ 77 ஆண்டுகளில் அந்த ஆட்சி முடிந்தது.

இதனோடு வேங்கிநாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கோதாவரிக்கும் கிருட்டிணைக்கும் இடைப்பட்ட அந்நாட்டிலே கீழைச் சாளுக்கியர் தமக்குள் பொருதுகொண்டிருந்தனர். நாட்டை இழந்து வந்த சக்திவர்மனுக்கு இராசராசன் துணை நின்று அரசை மீட்டுக் கொடுத்தான். அவன் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையை மணம் செய்வித்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், இராசேந்திரன் மகளாகிய அம்மங்கையை மணந்தான். அந்த மணத்திற் பிறந்தவனே 1070ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கன். வேங்கியிலும் போர் நடக்காமலில்லை. மேலைச் சாளுக்கியர் ஓயாது குறுக்கிட்டனர். ஆனால் அங்கே பழைய அரசகுலம் இருந்தது, பழைய முறைகள் இருந்தன, உறவும் இருந்தது. ஆகவே பிடி நெடுங்காலம் நின்றது. வாள் அறுத்த இடத்தைத் தாலி தைத்தது என்று சொல்லலாம்.

வடமேற்கே துங்கபத்திரைக் கரையிலோ வாள் மட்டுமே பேசிற்று. 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த மேலைச் சாளுக்கியர் கல்வெட்டு ஒன்று, சோழப்படை நாட்டைச் சூறையாடிப் பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றது என்று குற்றஞ்சாட்டுகிறது. படைத்தொகை 9 இலட்சம் என்பது மிகைக்கணக்கு. ஆனால் ஓலம் மிகையாகாது. 1054ஆம் ஆண்டில் கொப்பத்துப் போரிலே முதலாம் இராசாதிராசன் யானைமேல் மாண்டான். அவன் தம்பி அக்களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு தலைமுறைக்கு மேல் நடந்த அந்தப் போர்களாற் கிடைத்த நிலம் எவ்வளவு? துங்கபத்திரையே எல்லையாகக் கிடந்தது. சோழர் முன்பு பிடித்த கங்கபாடியும் 1116ஆம் ஆண்டளவில், தலைக்காட்டைக் கைக்கொண்ட போசள விட்டுணுவர்த்தனனிடம் போயிற்று.

கடாரத்தின் கதை வேறு. சீவிசய மன்னர் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்திற் சூடாமணி விகாரம் எடுத்தவர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமாயிற்று. 1015ஆம் ஆண்டிற் சோழத் தூதுக்குழு சீனத்தை அடைந்தது. ஒரு தலைமுறைக்குள் நட்பு பகையாகி, 1025ஆம் ஆண்டில் இராசேந்திரனின் கடற்படை அத்துறைமுகங்களைத் தாக்கி மன்னனைச் சிறைப்பிடித்தது. சீனத்துக்குச் செல்லும் கடல்வழியில் யார் கை ஓங்குவது என்பதே அப்போரின் அடிப்படை என்று பலர் கருதுவர். ஆனால் அங்கே ஈழத்திற்போல மண்டலமும் அமைக்கவில்லை; நிலமும் அளக்கவில்லை. படை திரும்பிவிட்டது, வணிகர் தங்கிவிட்டனர். சுமாத்திராவின் பாருசு என்னும் துறையில் 1088ஆம் ஆண்டிலே ஐந்நூற்றுவர் வணிகக்குழு தமிழ்க் கல்வெட்டைப் பொறித்தது. படையின் சுவடு அழிந்த கரையிலே பண்டகசாலையின் சுவடு நின்றது.

இவ்வரசின் தன்மைபற்றி அறிஞர் ஒருமித்த கருத்துடையவரல்லர். நீலகண்ட சாத்திரியார் அதனை வலிமைமிக்க மத்திய ஆட்சி என்று வரைந்தார். பேட்டன் சுடைன் 1980இல் வெளியிட்ட நூலில், மன்னனின் உண்மையான அதிகாரம் காவிரிப் படுகையோடு நின்றது, அதற்கப்பால் அது சடங்களவானது என்று வாதித்தார். சோர்ச்சு சுபென்சர் 1983இல் ஈழ, சீவிசயப் படையெடுப்புக்களைக் கொள்ளைப்பொருளை நாடிய அரசியலாக விளக்கினார். நொபொரு கராசிமா கல்வெட்டுக்களை எண்ணிக் கணக்கிட்டு, இராசராசன் காலத்தில் மத்திய ஆட்சி வலுப்பெற்றதைக் காட்டினார். நமது எளிய கருத்து இது: அவ்வரசு எங்கும் ஒரே அரசாக இருக்கவில்லை. காவிரியில் அது ஆட்சி; வேங்கியில் உறவு; ஈழத்தில் காவற்படை; கடாரத்திற் சூறைக்காற்று. எங்கே ஆளப்பட்டவர் ஆட்சியிற் பங்குபெற்றனரோ அங்கே எல்லை நிலைத்தது. எங்கே படையே ஆட்சியாயிற்றோ அங்கே படை தளர்ந்த நாளில் எல்லையும் தளர்ந்தது.

அன்பர்களே, சோழ ஆட்சி இங்கிருந்து போனபின் மிஞ்சியது எது? அதையும் சொல்லவேண்டும். சோழரோடு தொடர்புடைய வேளைக்காரர் என்னும் தமிழ்ப் படையினர் பின்னர் சிங்கள மன்னருக்கும் சேவகம் செய்தனர். விசயபாகு அவர்களைச் சோழர்மேற் செல்ல ஏவியபோது மறுத்துக் கலகம் செய்தனர், தண்டனையும் பெற்றனர். ஆயினும் 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அதனைத் தமிழிற் கல்லில் எழுதிவைத்தவர்கள் அவர்களே. சோழரை வென்ற அதே விசயபாகுவின் ஆட்சியில், கந்தளாயை அடுத்த பளமோட்டையில் ஒரு சிவன் கோயில் ‘விசயராச ஈசுவரம்’ என்ற பெயரோடு விளங்கிற்று. ஒரு பிராமண மாது அதற்கு அறக்கட்டளை வைத்தாள். சிங்கள மன்னன் பெயரில் சிவாலயம். தமிழ்ப் படையின் காவலில் தந்ததாது. வாள் பிரித்த மக்களை வாழ்வு சேர்த்து வைத்த சாட்சிகள் இவை.

திருவள்ளுவர் பொருட்பாலை வகுத்த முறையை நினைத்துப் பாருங்கள். நாடு, அரண், பொருள் செயல்வகை என்னும் அதிகாரங்களை வைத்த பின்னரே படைமாட்சியை வைத்தார். நாடு நாடாக இருந்தாலன்றிப் படைக்குப் பயன் இல்லை என்பது அவ்வரிசையிலேயே விளங்குகிறது.

நம் நாடு 2009ஆம் ஆண்டுவரை கால் நூற்றாண்டுக்கு மேல் போரைக் கண்டது. போரின் விலையை நமக்குப் புத்தகம் கற்பிக்கவேண்டியதில்லை. அப்படியிருக்க, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னரின் வெற்றியை ஒரு சாராரும், தோல்வியின் வஞ்சத்தை மற்றொரு சாராரும் இன்றைய வழக்குக்குச் சாட்சியாக அழைப்பது தகுமா? இராசராசனும் விசயபாகுவும் நமக்கு ஆசிரியராகலாம். நம் சண்டைக்குச் சேனாபதியாக அவர்களை எழுப்பவேண்டாம்.

ஆதலின் வாலிப அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் தரிசனத்துக்குச் செல்லும்போது சுவரிலும் தூணிலுமுள்ள எழுத்தையும் படிக்கப் பழகுங்கள். கல்வெட்டெழுத்துக் கற்பது சில மாதப் பயிற்சிதான். எந்த மன்னன் எந்த நாட்டை வென்றான் என்பதோடு நிறுத்தாது, அதன் கீழே எந்த ஊர் எவ்வளவு நெல் அளந்தது, எந்தக் குளத்தை யார் திருத்தினார், யார் விளக்குக்கு நெய் கொடுத்தார் என்பதையும் வாசியுங்கள். பெரியோர்கள், தம் ஊர்க் குளங்களின் பழம்பெயர்களையும் கோயிற் செப்பேடுகளையும் அறிந்தவாறு இளையவர்க்குச் சொல்லி வைக்குமாறு வேண்டுகிறோம். மெய்க்கீர்த்தி மன்னனுடையது. அதற்குக் கீழே வரும் கணக்கு மக்களுடையது. மண் யாருடையது என்பதை வாள் ஒருநாள் தீர்மானிக்கும். மண்ணை யார் உழுது, அளந்து, காத்து, பகிர்ந்து உண்டார் என்பதே நெடுநாள் தீர்ப்பு.